பெயர்ப் பட்டியல் வேண்டாம், செலவைப் பிடியுங்கள்: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வளர்ச்சியைப் படிக்க ஒரு வழி

என் அக்கா மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பொருளாதார வளர்ச்சியில் தொழில்நுட்பத்தின் பங்கு என்று ஒரு கட்டுரை எழுதி என்னிடம் காட்டினாள். விட்னி 1793, ஃபுல்டன் 1807, மோர்ஸ் 1844, பெல் 1876, எடிசன் 1879. ஒரு ஆண்டுகூடத் தப்பில்லை. ஆனால் நாலு பக்கம் படித்து முடித்த பிறகும் அந்த நாடு ஏன் வளர்ந்தது என்பது மட்டும் அதில் இல்லை. அன்று சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் வகுப்பில் பாடம் எடுப்பவர்களுக்கும் மட்டுமல்ல, சும்மா ஆர்வத்தில் படிப்பவர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் கண்டுபிடித்தவரின் பெயரைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். ஒரு தாளை எடுத்து, "இது வருவதற்கு முன்னால் எது கட்டுப்படியாகாத செலவாக இருந்தது?" என்று எழுதுங்கள். அதற்குக் கீழே இன்னும் நாலு கேள்விகள். செலவு எவ்வளவு குறைந்தது? அது வேலை செய்ய வேறு என்னென்ன தேவைப்பட்டது, அதாவது பணம், சட்டம், விதிமுறை? அதனால் அடுத்து என்ன முளைத்தது? யார் தலையில் விடிந்தது? இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்காத கண்டுபிடிப்பைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள். பத்துப் பெயரை அடுக்குவதைவிட மூன்றைப் பிடித்து ஆழமாக எழுதுவது நல்லது.

முதல் பயிற்சிக்கு எரி கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் அமெரிக்க வரைபடம் இருக்கட்டும். நியூயார்க் நகரத்திலிருந்து ஹட்சன் ஆற்றில் விரலை வைத்து வடக்கே ஆல்பனி வரை நகர்த்துங்கள். அங்கிருந்து மேற்கே எரி ஏரிக்கரையில் இருக்கும் பஃபலோ வரை ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் கால்வாய், 363 மைல். கிழக்குக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவில் அப்பலாச்சியன் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. அதில் தாழ்வாக இருக்கும் ஒரு வழி மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கு. இதைக் கண்ணால் பார்க்காமல் எழுதினால் கால்வாய்க் கதை கடைசிவரை புரியாது.

கால்வாய்க்கு முன்னால் பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கை வண்டியில் கொண்டுவர ஏறக்குறைய 100 டாலர் ஆனது. கோதுமை விற்று வரும் காசைவிட வண்டிக்கூலி அதிகம். அதனால்தான் மலைக்கு அப்பால் இருந்த விவசாயி சோளத்தைச் சாராயமாகக் காய்ச்சினார், அல்லது பன்றிக்குப் போட்டுப் பன்றியை நடக்க வைத்துச் சந்தைக்கு ஓட்டினார். மண் நல்ல மண், விளைச்சலும் உண்டு, விற்கத்தான் வழியில்லை. 1817 ஜூலை 4ஆம் தேதி வேலை தொடங்கி 1825இல் கால்வாய் முழுவதும் திறந்தபோது அந்த 100 டாலர் ஏறக்குறைய 10 டாலருக்கு வந்துவிட்டது.

சரி, இதில் புது இயந்திரம் என்ன? இயந்திரமே இல்லை. 40 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள ஒரு வாய்க்கால், அதன் கரையில் கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடக்கும் கோவேறு கழுதை, ஏற்ற இறக்கத்தைக் கடக்கப் படகை உள்ளே விட்டுக் கதவை மூடித் தண்ணீரை ஏற்றி இறக்கும் 83 தொட்டிகள். அவ்வளவுதான். இந்த வேலையில் பழகிய பொறியாளர்கள் அப்போது அந்த நாட்டில் கிட்டத்தட்ட இல்லை. நில அளவை தெரிந்த பெஞ்சமின் ரைட், ஜேம்ஸ் கெட்டிஸ் போன்றவர்கள் வெட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். தண்ணீருக்குள் இறுகும் சிமென்ட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. கேன்வஸ் வைட் என்ற இளம் பொறியாளர் நியூயார்க் மாநிலத்திலேயே கிடைத்த சுண்ணாம்புப் பாறையிலிருந்து அதைச் செய்தார். தொழில்நுட்பம் என்றதும் புகை கக்கும் எஞ்சினை மட்டும் தேடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வேலையோடு வேலையாகக் கற்ற அறிவும், உள்ளூர்ப் பாறையில் கிடைத்த சிமென்ட்டும்கூடத் தொழில்நுட்பம்தான்.

மூன்றாவது கேள்விக்கு வாருங்கள், பணம் யார் போட்டது? மத்திய அரசு போடவில்லை. உள்நாட்டு வேலைகளுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவை 1817இல் அதிபர் மேடிசன் தடுத்துவிட்டார். ஆளுநர் டிவிட் கிளின்டன் தலைமையில் நியூயார்க் மாநிலமே கடன் பத்திரம் வெளியிட்டு ஏறக்குறைய 70 லட்சம் டாலர் திரட்டியது. கேலி பேசியவர்கள் அதைக் கிளின்டனின் பள்ளம் என்றார்கள். சுங்க வசூலிலேயே சில ஆண்டுகளில் கடன் அடைந்தது. இந்த இடத்தைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் தனிமனித சாமர்த்தியத்தால் மட்டுமே அமெரிக்கா வளர்ந்தது என்ற பேச்சுக்கு இதைவிட நேரடியான பதில் கிடைக்காது. பின்னால் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்திக் கம்பி இழுத்ததும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்த 30,000 டாலரில்தான்.

இப்போது நாலாவது கேள்வி, அடுத்து என்ன முளைத்தது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது, பொறுமையாகப் படியுங்கள். எரி கால்வாய் திறந்துவிட்ட ஏரி வழியில் மேற்கே போனால் மிச்சிகன் ஏரிக்கரையில் சிகாகோ. அந்த ஊருக்கு 1848 ஒரு திருப்பம். அந்த ஒரே ஆண்டில் மிசிசிப்பி பக்கத்து ஆறுகளை ஏரியோடு இணைக்கும் கால்வாய் அங்கே திறந்தது, தந்தி வந்தது, முதல் ரயில் ஓடியது, தானிய வியாபாரிகள் சேர்ந்து வர்த்தகச் சங்கமும் தொடங்கினார்கள். அதுவரை கோதுமை மூட்டையில் போனது. மூட்டையை இறக்க ஆள், ஏற்ற ஆள். மூட்டை விற்கிற வரைக்கும் அது விளைவித்தவருடைய கோதுமை, அவருடைய பெயர் அதோடு போகும். ரயிலும் கால்வாயும் கொண்டுவந்து கொட்டிய அளவுக்கு இந்த முறை தாங்கவில்லை.

பஃபலோவில் ஜோசப் டார்ட் என்ற வியாபாரி 1842இலேயே இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். நீராவி எஞ்சினால் சுற்றும் ஒரு நீண்ட பட்டை, அதில் வரிசையாகச் சின்ன வாளிகள். கிணற்றில் சால் போட்டு இறைப்பது மாதிரி, படகின் வயிற்றிலிருந்து தானியத்தை அள்ளி உயரமான கிடங்கின் உச்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டும். அதன் பெயர் எலிவேட்டர். உச்சியிலிருந்து மதகைத் திறந்தால் தானியம் தானாக அடுத்த படகிலோ ரயில் பெட்டியிலோ விழும். மூட்டையும் வேண்டாம், முதுகும் வேண்டாம். ஆனால் ஒரு சிக்கல். எல்லோருடைய கோதுமையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால், யாருடையது எது?

அந்தச் சிக்கலை எந்த இயந்திரமும் தீர்க்கவில்லை, ஒரு விதிமுறைதான் தீர்த்தது. 1850களில் சிகாகோ வர்த்தகச் சங்கம் கோதுமைக்குத் தரம் பிரித்தது, முதல் தரம், இரண்டாம் தரம் என்று. உங்கள் கோதுமையைக் கொடுத்தால் இந்தத் தரத்தில் இத்தனை புஷல் (தானியம் அளக்கும் அளவு) என்று ஒரு ரசீது. அந்த ரசீதைக் காட்டினால் அதே தரத்தில் அதே அளவு கிடைக்கும், நீங்கள் கொடுத்த அதே மணிகள்தான் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அப்புறம் அந்த ரசீதே கைமாற ஆரம்பித்தது. தந்தியில் நியூயார்க் விலை வந்துகொண்டே இருக்க, இன்னும் சந்தைக்கு வராத கோதுமையை இன்றைக்கே விலை பேசி விற்றார்கள். 1865இல் அந்த முன்பேர ஒப்பந்தங்களுக்கும் சங்கம் விதிகள் எழுதியது. வாளிப் பட்டையில் தொடங்கி முன்பேர வர்த்தகம் வரை ஒரே சங்கிலி. 1840இல் ஐயாயிரம் பேர்கூட இல்லாத சிகாகோவில் 1900இல் ஏறக்குறைய 17 லட்சம் பேர். இந்த ஒரு சங்கிலியை ஒழுங்காக எழுதினாலே பாதிக் கட்டுரை முடிந்தது.

விளைந்ததை விற்க வழி வந்த பிறகு, அறுக்க ஆள் வேண்டும். பழுத்த கோதுமை காத்திருக்காது, சில நாளில் மணி உதிர்ந்துவிடும். நிலம் அள்ளிக்கிடந்த நாட்டில் கூலிக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். சைரஸ் மெக்கார்மிக் 1831இல் வர்ஜீனியாவில் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார், அதைச் செய்வதில் கூட உழைத்தவர் அந்தப் பண்ணையில் அடிமையாக இருந்த ஜோ ஆண்டர்சன். ஆனால் 1831 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். பல ஆண்டுகள் அது கிட்டத்தட்ட விற்கவே இல்லை. மெக்கார்மிக் 1847இல் சிகாகோவுக்கு வந்து தொழிற்சாலை போட்டார், தவணையில் கொடுத்தார், ஊர் ஊராக முகவர்களை வைத்தார். 1850களில் கோதுமை விலை ஏறியது, வயல்கள் பெரிதாயின, அப்போதுதான் விவசாயிக்கு அது கட்டுப்படியானது. வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரில் ஆண்கள் படைக்குப் போனதும் வயல்களில் இயந்திரம் இன்னும் பரவியது. கண்டுபிடித்த ஆண்டும் பொருளாதாரத்தில் அது தெரியவந்த ஆண்டும் வேறு வேறு என்பதை இதில் கற்றுக்கொள்ளுங்கள். மின்சாரமும் அப்படித்தான். எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின் நிலையத்தைத் தொடங்கியது 1882 செப்டம்பரில், ஆனால் 1900இல்கூடப் பெரும்பாலான ஆலைகள் நீராவியிலும் ஆற்றுத் தண்ணீரிலும்தான் ஓடின. ஆகவே உங்கள் குறிப்பில் எப்போதும் இரண்டு ஆண்டுகளைப் போடுங்கள், பிறந்தது எப்போது, பரவியது எப்போது என்று.

ஐந்தாவது கேள்வியைத்தான் பலர் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு. பருத்தியை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

பருத்திக்கொட்டை ஆட்டி மாட்டுக்கு வைத்த வீட்டுக்காரர்களுக்கு, கொட்டையிலிருந்து பஞ்சைப் பிய்ப்பது எவ்வளவு பாடு என்று தெரியும். அமெரிக்கத் தெற்கில் கடலோரத் தீவுகளில் மட்டும் விளைந்த நீள இழைப் பருத்தியில் கொட்டை வழவழப்பானது, இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் பஞ்சு தனியாக வந்துவிடும். அந்த மாதிரி உருளைக் கருவி நம் நாட்டிலும் பல நூற்றாண்டுகளாக உண்டு. உள்நாட்டு மேட்டு நிலத்தில் எங்கும் விளையக்கூடிய குட்டை இழைப் பருத்தியோ கொட்டையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் நாளெல்லாம் உட்கார்ந்து கையால் பிய்த்தால் ஒரு பவுண்டு தேறினால் பெரிது. 1793இல் ஜார்ஜியாவில் கேத்தரின் கிரீனின் பண்ணையில் தங்கியிருந்த எலி விட்னி செய்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே கம்பிப் பற்கள் வைத்த உருளை. கைப்பிடியைச் சுற்றினால் பற்கள் நெருக்கமான இடுக்குகள் வழியாகப் பஞ்சை இழுக்கும், கொட்டை இடுக்கில் நுழைய முடியாமல் இந்தப் பக்கமே விழும், பின்னால் எதிர்த்திசையில் சுற்றும் தூரிகை பற்களில் ஒட்டிய பஞ்சைத் துடைத்துத் தள்ளும். ஒரு நாளைக்கு 50 பவுண்டு. அமைப்பு அவ்வளவு எளிது என்பதால் ஊர்த் தச்சர்களே பார்த்துச் செய்துகொண்டார்கள், காப்புரிமை இருந்தும் விட்னி அதில் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை.

இப்போது எண்களை வரிசையாக வையுங்கள். 1790இல் சில ஆயிரம் பொதிகள்தான் விளைந்தன, 1860இல் ஏறக்குறைய 40 லட்சம் பொதிகள். உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் நெசவாலைகள், நியூயார்க்கின் வங்கிகள், கப்பல்காரர்கள், காப்பீட்டுக்காரர்கள் எல்லோர் கணக்கிலும் அந்தப் பஞ்சு இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு வரியையும் எழுதுங்கள். 1790இல் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறக்குறைய 7 லட்சம் பேர், 1860இல் 40 லட்சத்தை நெருங்கிவிட்டார்கள். கொட்டை எடுக்கும் வேலை இயந்திரத்துக்குப் போனதும் விதைக்கவும் களை எடுக்கவும் பறிக்கவும் மனிதர்கள் தேவைப்பட்டார்கள், அந்தத் தேவையைச் சாட்டையால் தீர்த்துக்கொண்டார்கள். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்திலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் பேர் அலபாமா, மிசிசிப்பி, லூசியானா பக்கம் கொண்டுபோகப்பட்டார்கள். பலரைச் சங்கிலியில் கோத்து நடத்தியே கூட்டிப்போனார்கள், தாயை ஒரு பக்கமும் பிள்ளையை ஒரு பக்கமும் விற்றார்கள். அந்த மண்ணில் அதற்கு முன் வாழ்ந்த செரோக்கி, சாக்டா, கிரீக் மக்கள் 1830களில் துரத்தப்பட்டார்கள். கருவி வந்தால் உழைப்பு குறையும் என்று பொதுவாகச் சொல்வோம். இங்கே கருவி வந்ததால்தான் அடிமை முறை பலப்பட்டது. வளர்ச்சி என்று எழுதும் அதே பத்தியில் இதையும் எழுதுங்கள், தனியாக ஒரு பாதிப்புகள் என்ற தலைப்புக்குக் கீழே தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் நடந்தபோது இரண்டும் தனித்தனியாக நடக்கவில்லை.

1861இல் போர் வந்து அந்தப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போவது நின்றபோது லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடி வந்தன, திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் அந்தச் சில ஆண்டுகள் நல்ல விலை கிடைத்தது. இது பக்கவாட்டுச் செய்தி, கட்டுரைக்கு ஒரு வரி போதும்.

காப்புரிமைச் சட்டத்தையும் ஒரு பத்தியில் சேருங்கள். இங்கிலாந்தில் காப்புரிமை வாங்க நூறு பவுண்டுக்கு மேல் செலவு, அமெரிக்காவில் குடிமக்களுக்குக் கட்டணம் 30 டாலர். 1836இலிருந்து விண்ணப்பம் உண்மையிலேயே புதிதா என்று பரிசோதிக்கும் அலுவலகமும் வந்தது. அதனால் கைவினைஞர், விவசாயி, கடைக்காரர் என்று யார் யாரோ விண்ணப்பித்தார்கள். வக்கீலாக இருந்த லிங்கன்கூட 1849இல் மணல் திட்டில் மாட்டிய படகைத் தூக்கும் கருவிக்கு ஒன்று வாங்கியிருக்கிறார். ஆனால் அடிமையாக இருந்தவர் எதைக் கண்டுபிடித்தாலும் அவருக்கும் கிடையாது, அவருடைய எஜமானருக்கும் கிடையாது என்று 1858இல் அரசின் தலைமை வழக்கறிஞர் சொல்லிவிட்டார். கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று எழுதும்போது இதை மறக்காதீர்கள்.

துப்பாக்கித் தொழிற்சாலைகளையும் தொட்டுவிடுங்கள். இன்றைக்கு வண்டிக்கு ஒரு ஸ்பேர் வாங்கிப் போட்டால் அப்படியே பொருந்துகிறதே, அந்தப் பழக்கம் ஸ்பிரிங்ஃபீல்டு, ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதச் சாலைகளில் பல பத்தாண்டுகள் அரசுப் பணத்தில் முயன்று வந்தது. அங்கே பழகியவர்கள் தையல் இயந்திரம், கைக்கடிகாரம், சைக்கிள் என்று அடுத்தடுத்த தொழில்களுக்கு அதைக் கொண்டுபோனார்கள். எஃகுக்கு விலையைப் பாருங்கள், 1860களின் கடைசியில் டன் 150 டாலருக்கு மேல் விற்ற எஃகுத் தண்டவாளம் 1890களின் கடைசியில் 20 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மற்ற விலைகளும் இறங்கின என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய், தொலைபேசி எல்லாம் நேரமிருந்தால் சேர்க்கலாம்.

ரயிலைப் பற்றி எழுதும்போது ஒரு எச்சரிக்கை. ரயில் இல்லாவிட்டால் அமெரிக்காவே இல்லை என்று எழுதிவிடத் தோன்றும். 1860இல் 30,000 மைல், 1900இல் 1,90,000 மைலுக்கு மேல், யாருக்குத்தான் தோன்றாது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார வரலாற்றாய்வாளர் ராபர்ட் ஃபோகல் 1960களில் எதிர்க்கேள்வி கேட்டார். ரயில் இல்லாமல் கால்வாயும் வண்டியும் மட்டும் இருந்திருந்தால் 1890இல் நாட்டின் வருமானம் எவ்வளவு குறைந்திருக்கும்? கணக்குப் போட்டால் சில சதவீதம்தான் வந்தது. பெரிய சண்டை மூண்டது. பிறகு டேவ் டொனால்ட்சன், ரிச்சர்ட் ஹார்ன்பெக் இருவரும் நில விலையை வைத்துத் திரும்பக் கணக்கிட்டு, ரயிலின் பங்கு ஃபோகல் சொன்னதைவிடப் பெரிது என்று காட்டினார்கள். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள். என்னைக் கேட்டால், ரயில் செய்த வேலையில் பாதி டன் கணக்கில் வராது. 1883 நவம்பர் 18ஆம் தேதி ரயில் நிறுவனங்கள் சேர்ந்து நாட்டுக்குப் பொதுவான நேரப் பிரிவுகளைக் கொண்டுவந்தன. அதுவரை ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் உச்சிவெயிலை வைத்துத் தனி நேரம். ஊர் நேரத்தை மாற்றியதன் லாபத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம், சென்னையில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்தே செய்யலாம். மெரினா எதிரில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதல்லவா, அதற்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர் வந்தது ஏன் தெரியுமா? பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிப் பனிக்கட்டியைக் கப்பலில் அனுப்பி இங்கே சேமித்து விற்கக் கட்டிய கிடங்கு அது, 1842இல் கட்டியது. பனிக்கட்டிக்கு விலையே இல்லை, வெட்டுவதும் உருகாமல் கொண்டுவருவதும்தான் செலவு. நதானியேல் வையத் 1825இல் குதிரை இழுக்கும் ஒரு கலப்பையைச் செய்து, வயலில் சால் ஓட்டுவது போல ஏரியின் மேல் கோடு போட்டு, ஒரே அளவுக் கட்டிகளாக வெட்டினார். ஒரே அளவு என்பதால் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், உருகுவதும் குறையும். அடுக்கியதைச் சுற்றிப் போட மர அறுவை ஆலைகளில் வீணாகக் கிடந்த மரத்தூள். பாஸ்டனிலிருந்து கிழக்கே வரும் கப்பல்கள் போதிய சரக்கில்லாமல் வந்ததால் கப்பல்கூலியும் மலிவு. 1833இல் முதல் கப்பல் கல்கத்தாவுக்கு 180 டன்னோடு கிளம்பியது, நாலு மாதம் கழித்து ஏறக்குறைய 100 டன் போய்ச் சேர்ந்தது.

மீதியை நீங்கள் நிரப்புங்கள். இங்கே அந்தப் பனிக்கட்டியை யாரால் வாங்க முடிந்தது? அமெரிக்காவில் அதே பனிக்கட்டியை ரயில் பெட்டியில் வைத்து சிகாகோ மாட்டிறைச்சியை நியூயார்க்குக்கு அனுப்ப ஆரம்பித்ததும் அங்கிருந்த உள்ளூர்க் கசாப்புக் கடைக்காரர்கள் என்ன ஆனார்கள்? 1870களில் சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் டியூடர் நிறுவனத்தின் வியாபாரம் எப்படிப் படுத்தது? அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து கட்டுரையைத் திரும்ப எழுதினாள். இந்தத் தடவை அது மரத்தூளில் தொடங்கியது.